கூரைக்கு ஒரு சாட்சி

அழுத குழந்தை பிழைத்துக்கொண்டது, தூங்கிய குழந்தை போய்விட்டது என்றால், கடவுள் அன்றைக்கு எந்தக் குழந்தையின் பக்கத்தில் இருந்தார்?

இந்தக் கேள்வியை ஒரு கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்று கேட்டவள், கல்வராயன் மலையில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. பிழைத்தது என் மகள். போனது அவளுடைய மகன். பதில் சொல்ல வேண்டியவர் கண்ணை மூடி ஜெபம் செய்யத் தொடங்கிவிட்டார். பதில் இன்று வரை எனக்கும் தெரியவில்லை.

அடுத்த மாதம் கள்ளக்குறிச்சியில் எங்கள் மிஷனின் பெரிய கூட்டம் நடக்கிறது. அதில் நான் சாட்சி சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் சபைகளில் சாட்சி என்றால், கடவுள் தனக்குச் செய்த நன்மையை ஒருவர் எல்லோர் முன்னாலும் எழுந்து சொல்வது. நான் சொன்னால், கேட்பவர்கள் மனமிரங்கிக் கொடுப்பார்கள். மலையில் இன்னும் கூரையில்லாமல் நிற்கும் வீடுகளுக்குத் தகடு வரும். எங்கள் பொறுப்பாளர் அப்படித்தான் சொல்கிறார். அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். அதனால்தான் இதை எழுதிப் பார்க்கிறேன்.

என் கணவர் மிஷன் ஊழியர். நான் ஆசிரியர் பயிற்சி முடித்தவள். கல்யாணமானதும் மலைக்கு வந்தோம். பஸ் வெள்ளிமலையோடு நின்றுவிடும். அதற்கு மேல் நடைதான். ஊரின் மேல்கோடியில் ஒரு பள்ளிக்கூடக் கொட்டகை, சரிவில் கீழே எங்கள் வீடு, அதை ஒட்டி அவள் வீடு. நாங்கள் இருவரும் ஒரே மழைக்காலத்தில் பிள்ளை பெற்றோம். அவள் மகன் என் மகளைவிடச் சற்று மூத்தவன். என்னை டீச்சரம்மா என்பாள். ஆனால் நீ, போ, வா என்றுதான் பேசுவாள். மலையில் எல்லோரும் எல்லோரிடமும் அப்படித்தான். வந்த புதிதில் எனக்கு அது உறுத்தியது. பிறகு, கீழே இறங்கினால் யாராவது 'வாங்க' என்று சொல்லும்போதுதான் அந்நியமாக இருந்தது.

பிள்ளைகளுக்கு ஒரு வயது நெருங்கும்போது வேலைவாய்ப்பு அலுவலகத்தில் என் பதிவைப் புதுப்பிக்கக் கடலூர் போக வேண்டியிருந்தது. மகளுக்குச் சளி. மழை பிடித்துக்கொள்ளும் போலிருந்தது. தூக்கிக்கொண்டு போவதா, விட்டுவிட்டுப் போவதா என்று காலையில் பையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சளி புடிச்ச புள்ளைய இந்தக் காத்துல எங்க தூக்கினு போற? உட்டுட்டுப் போ. நாளிக்கு வந்துடப் போற."

"பால் கேக்குமே."

"கேட்டா எனுக்கு இன்னா பஞ்சமா? இவன் குடிச்சுட்டு ஊத்துறதே ஜாஸ்தி."

இவன் என்றது இடுப்பில் இருந்த மகனை. அவன் என் மகளைப் பார்த்துக் கையை நீட்டி, அவள் தொப்பியைப் பிடித்து இழுத்தான். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவனை நான் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

கடலூரில் வேலை முடிந்து திரும்புகையில் எலவனாசூர்கோட்டை வரை பஸ் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. இட ஒதுக்கீட்டுக்காகச் சாலை மறியல் என்றார்கள். நடக்கப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மலையில் இருந்த எங்களுக்கு மட்டும் தெரியவில்லை. நெடுஞ்சாலையில் இரண்டு பக்கமும் நின்ற புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். இவ்வளவு பெரிய மரங்கள் படுத்துக் கிடப்பதை நான் பார்த்ததில்லை. இலைகள் அப்போதும் பச்சையாக இருந்தன. தொலைபேசிக் கம்பியும் அறுந்துவிட்டது. அந்த ஊரிலேயே இருந்த என் சித்தி வீட்டுக்குப் போனேன். நாளை திறந்துவிடுவார்கள் என்றார் சித்தப்பா. மறுநாளும் அதையே சொன்னார். மழையும் பிடித்துக்கொண்டது.

பால் கட்டிக்கொண்டது. சித்தி வீட்டின் பின்பக்கம் சுவரைப் பார்த்து நின்று, பாலைப் பீய்ச்சி மண்ணில் விட்டேன். காய்ச்சல் வந்தது. அங்கே மகள் யாரிடம் குடிக்கிறாளோ என்று ஒரு நேரம் தோன்றும். பக்கத்து வீட்டுக்காரிதான் இருக்கிறாளே, என்ன குறை என்று மறு நேரம் தோன்றும். சித்தி முழங்காலில் நின்று ஜெபம் செய்தாள். நானும் செய்தேன். என் பிள்ளையை மட்டும் காப்பாற்று என்றுதான் கேட்டேன். 'மட்டும்' என்ற சொல்லை வாய்விட்டே சொன்னதாக நினைவு. அப்படிக் கேட்காத தாய் உண்டா என்று பிறகு பலமுறை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

காய்ச்சல் தணிந்த காலையில் சித்தியிடம் சொல்லிக்கொண்டு நடக்கத் தொடங்கினேன். ஊர் எல்லையில் சாய்ந்த மரத்தின் மேல் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னாம்மா, எங்க? காக்காகூட இன்னிக்கி நடந்துதான் போவுது," என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"எம் புள்ள மலையில கீதுங்க. பால் குடிக்கிற புள்ள."

சிரிப்பு நின்றது. தலையில் துண்டு கட்டியிருந்தவர் என் பக்கம் திரும்பினார். "எங்க புள்ளைங்களுக்காகத்தாம்மா நாங்களும் இங்க குந்திக்கினு கீறோம். படிச்சுட்டு மாடு மேய்க்குதுங்க."

நானும் வேலைக்காகத்தான் இறங்கி வந்திருந்தேன். அவர் பக்கத்தில் இருந்தவரைத் தட்டினார். "மச்சான், சைக்கிள எடு. வரப்பு மேலயே போயி தியாகதுருகத்துல நம்ம ஆளுங்ககிட்ட உடு. அடுத்த எடத்துக்கு அவங்க அனுப்பட்டும்."

"மழையிலயா?"

"பின்ன, வெயில் வந்து கூட்டினு போவுமா? கெளம்பு மச்சான்."

அப்படிச் சைக்கிள் மாறிச் சைக்கிளாகக் கச்சிராயபாளையம் வரை கொண்டுவந்து விட்டார்கள். ஒருவர் பெயரும் நான் கேட்கவில்லை. அடிவாரத்து டீக்கடையில் தண்ணீர் கேட்டபோது, கடைக்காரர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "மேல மண்ணு எறங்கிடுச்சாம். வூடுங்கள மூடிடுச்சாம்."

"எந்த ஊர்ல?"

"மிஷன் பள்ளிக்கொடம் கீதே, அங்கதாம்மா. ஏம்மா? ஏம்மா, ஒக்காருங்க."

உட்காரவில்லை. மேலே எப்படி ஏறினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வழியில் ஓடைகள் நிறம் மாறி ஓடியது மட்டும் ஞாபகம். ஊருக்குப் பக்கத்தில் வந்ததும் வழி தவறிவிட்டேன் என்று நினைத்தேன். எங்கள் வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. அவள் வீடும் இல்லை. சரிவு முழுவதும் சிவப்பு மண், அதில் தலைகீழாக ஒரு பலாமரம். மேலே பள்ளிக்கூடக் கொட்டகை மட்டும் அப்படியே நின்றது.

கொட்டகையின் வெளித் திண்டில் பக்கத்து வீட்டுக்காரி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் மகன் இருக்கிறான், நல்லவேளை என்று நினைத்தபடி அவளைத் தாண்டி உள்ளே ஓடினேன். உள்ளே பெண்கள் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தார்கள். எம் புள்ள எங்கே என்று கேட்டேன். ஒருத்தி கையை மட்டும் தூக்கி, நான் வந்த வழியையே காட்டினாள். திரும்பி வந்தேன். பால் குடித்த குழந்தையின் காலில் என் அம்மா போட்ட வெள்ளிக் கொலுசு இருந்தது.

கையை நீட்டினேன். அவள் நிமிரவில்லை.

"இரு. குடிச்சினு கீது."

நின்றேன். குழந்தை குடித்து முடிக்கும் வரை நின்றேன். பிறகுதான் கேட்டேன், "உம் புள்ள எங்க?"

மோவாயால் சரிவைக் காட்டினாள்.

நடந்ததைப் பிறகு என் கணவர் சொன்னார். நான் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் ஊர் ஆண்கள் எல்லோரும் மேலே தண்ணீரைத் திருப்பி விட மண்வெட்டியோடு போயிருந்தார்கள், அவரும் போயிருந்தார். இரண்டு குழந்தைகளும் அவள் வீட்டில் இருந்தன. அவள் மகன் பால் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டான். என் மகள் தூங்கவில்லை. என்னைக் கேட்டு விடாமல் அழுதிருக்கிறாள். அவன் எழுந்துவிடக் கூடாதே என்று, பக்கத்து வீட்டுக்காரி என் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு தலையில் சாக்கைக் கவிழ்த்து, கொட்டகைப் பக்கம் உலாத்தப் போயிருக்கிறாள். அவள் மாமியார் தூங்குகிறவனுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் மண் இறங்கியது. கிழவியையும் பையனையும் மண்ணிலிருந்து எடுத்தவர்களில் என் கணவரும் ஒருவர். அதற்குப் பிறகு அவர் உரத்த குரலில் ஜெபம் செய்து நான் கேட்கவில்லை.

என் பால் அந்த வாரத்தோடு வற்றிவிட்டது. மகள் என்னிடம் வந்து முகத்தைத் தேய்த்துப் பார்த்துவிட்டு அவளிடம் போவாள். அவளும் மறுக்கவில்லை. பால் கொடுக்கும்போது குழந்தையைப் பார்க்க மாட்டாள். எதிரே சரிவைப் பார்ப்பாள். கொடுத்து முடித்ததும் எழுந்து புது வீடுகளுக்கு மண் குழைக்கப் போய்விடுவாள். கொட்டகையில் நாங்கள் எல்லோரும் ஒன்றாகப் படுத்தோம், ஒரே அடுப்பில் சாமை வடித்துச் சாப்பிட்டோம். அந்த நாட்களில் அவள் என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சொல்லவில்லை.

மிஷன் உதவியோடு வீடுகள் கட்டத் தொடங்கினோம். கல் மலையிலேயே கிடைத்தது. சுவர் வைக்க அவர்களுக்குத் தெரியும். தகடுகளை மட்டும் வெள்ளிமலையிலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவர வேண்டும். காற்றடித்தால் தகடு ஆளையே திருப்பிவிடும். இரண்டு பேர் முன்னும் பின்னும் பிடித்துக்கொண்டு, "நீ நில்லு", "நீ வளை" என்று திட்டிக்கொண்டே வருவார்கள். முதல் வரிசை வீடுகளுக்குக் கூரை ஏறியது. அவள் வீடும் அதை ஒட்டி எங்கள் வீடும் அந்த வரிசையில்தான். இரண்டாம் வரிசைக்குச் சுவர் எழும்பியதும் தகடு தீர்ந்துவிட்டது. சுவர்களின் மேல் மழைக்கு விழல் புல்லைப் பரப்பி வைத்தார்கள். இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

முதல் வரிசை வீடுகளை ஒப்படைக்கும் நாளில் எங்கள் பொறுப்பாளர் மலைக்கு வந்தார். நல்ல மனிதர். முழங்கால் வலியோடு நடந்து ஏறி வந்தார். அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. ஊர் முழுவதும் கொட்டகை முன்னால் உட்கார்ந்திருந்தது. பிரசங்கத்தின் நடுவில் அவர் என்னையும் மகளையும் எழுந்து நிற்கச் சொன்னார்.

"பாருங்கள், தாய் தொலைவில் மாட்டிக்கொண்டார். ஆனால் ஆண்டவர் இந்தக் குழந்தைக்கு முன்னதாகவே பாலை ஆயத்தம்பண்ணி வைத்திருந்தார்."

கீழேயிருந்து வந்திருந்தவர்கள் "ஸ்தோத்திரம்" என்று கடவுளுக்கு நன்றி சொன்னார்கள். அவள் எழுந்தாள். கோபமாக எழவில்லை. வகுப்பில் சந்தேகம் கேட்கிற பிள்ளை போலத்தான் எழுந்தாள்.

"அய்யா, எனுக்கு ஒண்ணு தெரியணும். எம் பால அந்தப் புள்ளைக்கினு எடுத்து வச்சாருன்னு சொல்ற. அப்ப எம் புள்ளைக்கு இன்னா எடுத்து வச்சாரு?"

அவளே தொடர்ந்தாள்.

"அது அழுதுச்சி, தூக்கினு வெளிய வந்தேன். இவன் தூங்கினான், உட்டுட்டு வந்தேன். அழுத புள்ள பொழச்சிச்சி, தூங்கின புள்ள பூட்சி. உங்க சாமி எந்தப் புள்ளகிட்ட இருந்தாரு? நீ சொல்லு. நான் சண்டைக்கு வரல."

பொறுப்பாளர் வேதாகமத்தை மூடினார். பிறகு, "ஜெபிப்போம்," என்றார். எல்லோரும் கண்களை மூடினார்கள். நான் மூடவில்லை. அவளும் மூடவில்லை. அத்தனை மூடிய கண்களுக்கு நடுவில் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். என் மகள் அவளைப் பார்த்துக் கையை நீட்டித் தாவினாள்.

கள்ளக்குறிச்சிக் கூட்டத்தில் பேச வேண்டும் என்று பொறுப்பாளர் அன்று இறங்கும்போது சொல்லவில்லை. பல மாதம் கழித்து, இரண்டாம் வரிசைக்குத் தகடு கேட்டு என் கணவர் போனபோதுதான் சொல்லியனுப்பினார். நானே போய்ப் பார்த்தேன்.

"பால் கொடுத்ததைச் சொல்லுங்கம்மா. அந்தப் பையன் விஷயம் வேண்டாம். ஜனங்க கலங்கிப் போயிடுவாங்க. கலங்கினா அவங்களுக்கு விசுவாசம் வளராது," என்றார்.

"அதை விட்டுட்டுச் சொன்னா பொய் ஆகாதுங்களா?"

"பொய் இல்லம்மா. சுருக்கம்."

அவருடைய அனுபவம் எனக்கு இல்லை. சரி என்று தலையாட்டினேன். பஸ்ஸில் வரும்போது அது சரியில்லை என்று தோன்றியது. முதலில் ஒரு சின்ன இடத்தில் முழுவதையும் சொல்லிப் பார்ப்போம் என்று, சங்கராபுரத்தில் தெரிந்த குடும்பத்தில் நடந்த பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போனேன். அன்பான பெண்கள். காபி கொடுத்து, மகளை மடியில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் சொல்லத் தொடங்கினேன். எங்கள் கூட்டங்களில் சாட்சி சொல்கிறவர் மூச்சு வாங்க எங்கே நிறுத்தினாலும், கேட்பவர்கள் "ஸ்தோத்திரம்" என்பார்கள். அது ஊக்கம் கொடுப்பதற்காக. சொல்கிறவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டால் இன்னும் சத்தமாகச் சொல்வார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும். நானே சொல்லிப் பழகியவள்.

"அவங்க பையன் உள்ளே தூங்கிட்டு இருந்தான். மண் மொத்தமா வீட்டு மேலே விழுந்துடுச்சு," என்று சொல்லி நிறுத்தினேன்.

"ஸ்தோத்திரம்!" என்றார்கள் எல்லோரும்.

ஒருத்தி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டாள். மற்றவர்கள் தாங்கள் என்ன சொன்னோம் என்று தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அழுதுகொண்டேதான் அதைச் சொன்னார்கள். மீதியைச் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன். தலைவலி என்று நினைத்து மாத்திரை கொடுத்தார்கள்.

மலைக்குத் திரும்பியதும் நேராக அவளிடம் போனேன். புது வீட்டுக்குள் தரை மெழுகிக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நின்றேன்.

"கள்ளக்குறிச்சியில என்னப் பேசச் சொல்றாங்க. நீ பால் கொடுத்ததப் பத்தி."

"எதுக்கு?"

"ரெண்டாவது வரிசைக்குத் தகடு வரும்."

கொஞ்ச நேரம் மெழுகினாள். "என் நாத்தனா வூடு அதுலதான் கீது. ராத்திரி எல்லாம் ஒழுவுது. குழந்தைய வச்சினு மூலைக்கு மூல மாறிக்கினு கீறா." பிறகு கையைச் சாணத்திலிருந்து எடுத்தாள். "சொல்லு. தகடு வரட்டும்."

"சொல்லட்டுமா?"

"சொல்லுன்னு சொன்னனே. ஆனா எம் புள்ளைய உட்டுட்டுச் சொல்லாத. அவன் இல்லாம பால் எங்கிருந்து வந்துச்சி எனுக்கு?"

"சரி."

"இன்னொண்ணு. நடுநடுவுல ஒரு வார்த்த கத்துவீங்களே, எல்லாரும் சேந்து. எம் புள்ளைய நீ சொல்ற எடத்துல அத யாரும் சொல்லக் கூடாது. அதுக்கு அப்பறம் எத்தினி வாட்டி வேணும்னாலும் சொல்லிக்குங்க."

சங்கராபுரத்தில் நடந்தது அவளுக்குத் தெரியாது. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று புரிந்தது. கள்ளக்குறிச்சியில் பந்தல் நிறைய இருக்கும் ஜனத்தின் வாயை நான் எப்படிப் பிடிப்பேன்?

என் கணவரிடம் கேட்டேன். "நீ எதச் சொன்னாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றார். "சொல்லாம வந்தாலும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." அது உதவியாக இல்லை.

என் விசுவாசம் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். தினமும் ஜெபம் செய்கிறேன். மகள் தூங்கும்போது நெற்றியில் கை வைத்து நன்றி சொல்லத் தொடங்குவேன். பாதியில் பக்கத்து வீட்டிலிருந்து அவள் இருமுவது கேட்கும். நன்றி அங்கேயே நின்றுவிடும். மகள் சத்தமில்லாமல் தூங்கினால் எனக்குப் பயமாக இருக்கிறது. எழுப்பிவிடுகிறேன். அழுதால் நிம்மதியாக இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களில் சபைக்குப் போகிறவர்களும் இருப்பீர்கள், போகாதவர்களும் இருப்பீர்கள். மேடையேறிப் பேசிப் பழகியவர்கள் இருப்பீர்கள். எனக்கு யோசனை சொல்லுங்கள். பொறுப்பாளர் சொல்வது போல் பையனை விட்டுவிட்டுச் சொன்னால் கூரை வரும், அவளுக்குக் கொடுத்த வார்த்தை போய்விடும். முழுவதும் சொன்னால், அந்த இடத்தில் நிறுத்தாமல், மூச்சு விடாமல் தாண்டிவிடலாமா? அப்படித் தாண்டினால் அவனை விட்டுவிட்டுச் சொன்னதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? முன்கூட்டியே, இந்த இடத்தில் யாரும் எதுவும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளலாமா? பொறுப்பாளர் மேடையில் இருக்கும்போது அப்படிக் கேட்பது முறையா? அல்லது பேசவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஒழுகும் வீட்டில் மூலைக்கு மூலை மாறிக்கொண்டிருக்கும் அவள் நாத்தனார் முகத்தைப் பார்க்கப் பழகிக்கொள்ளலாமா?

உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை பிழைத்திருந்தால், அல்லது போயிருந்தால், அந்தக் கூட்டத்தில் நான் எதைச் சொன்னால் உங்களால் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியும்? அதை மட்டுமாவது எனக்கு எழுதுங்கள். மழை தொடங்குவதற்கு முன்னால் எழுதினால் நல்லது.